சாயப்பட்டறை சொல்லும் தேதியும் துணி வரும் தேதியும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 2 ஆண்டுகளாகக் கொள்முதல் பார்க்கிறேன். சாயத்துக்குப் போன துணி சொன்ன தேதிக்கு வருவதே இல்லை. கடைசியில் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்கிறது. விநியோகச் சங்கிலி மேலாண்மை படிக்கலாமா? மற்ற கம்பெனிக்காரர்களிடம் பேசினால் தொழில் ரகசியம் போய்விடும் என்கிறார் முதலாளி.

பதில்: படிப்பு எங்கும் ஓடிவிடாது. அதே பட்டறைக்குத் துணி அனுப்பும் இன்னொரு கொள்முதல்காரரை முதலில் பிடியுங்கள். வேலை எங்கே சுணங்குகிறது என்பது அவருக்குத் தெரியும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் கரும்பச்சை டி-சர்ட் ஆர்டர் ஒன்று. உடல் பகுதிக்கான பாடி துணி வந்துவிட்டது. கழுத்துப் பட்டிக்கான 40 கிலோ ரிப், அதாவது இழுபடும் பின்னல் துணி, வரவில்லை. தினமும் போனில் சண்டை போட்டேன். வேறொரு கம்பெனியில் இருந்த நண்பர் டீக்கடையில் கேட்ட முதல் கேள்வியே, "ரிப்பைத் தனி லாட்டாகவா, பாடியோடு சேர்க்காமலா சாயத்துக்குக் கொடுத்தீர்கள்?" என்பதுதான். 40 கிலோவுக்காகப் பெரிய மெஷினை யாரும் ஓட்ட மாட்டார்கள். சின்ன மெஷினுக்கோ எப்போதும் வரிசை. வந்தாலும் நிறம் பாடியோடு ஒட்டாது. இரண்டையும் சேர்த்தே சாயம் போடச் சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது, திட்டு வாங்கியது பட்டறைக்காரர்.

பேசப் போகும் முன் உங்கள் கடைசி 20 சாய ஆர்டர்களை எழுதிக்கொள்ளுங்கள்: நிறம், எடை, சொன்ன தேதி, வந்த தேதி. "அந்தப் பட்டறை எப்படி?" என்று கேட்டால் வம்புதான் கிடைக்கும். "அடர்நிறம், 100 கிலோவுக்குள், உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டால் பதில் வரும். உங்கள் கணக்கை முதலில் நீங்கள் சொல்லுங்கள். வெறுங்கையோடு வருபவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை.

முதலாளிக்கு ஒரு செய்தி. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில், கார் உதிரிபாகம் செய்யும் ஐசின் கம்பெனியின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டாவுக்கான பிரேக் வால்வுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் போயின. ஐசின் தன் வால்வு வரைபடங்களைப் பிற கம்பெனிகளிடம் கொடுத்தது. வால்வே செய்திராதவர்களும் செய்து தந்தார்கள். நின்றுபோன டொயோட்டா ஆலைகள் சில நாள்களில் மீண்டும் ஓடத் தொடங்கின.

துணி எத்தனை நாளில் வருகிறது என்பது ரகசியமே அல்ல. பட்டறை வாசலில் நிற்கும் டெம்போ டிரைவருக்கே தெரியும். பையர் பெயர், பீஸ் விலை, டிசைன் ஆகியவற்றில் முதலாளி சொல்வது சரி, வாய் திறக்காதீர்கள். "சாயக்கூலி இதற்கு மேல் யாரும் கொடுக்க வேண்டாம்" என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனிகள் கூடிக் கூலியை முடிவு செய்வது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் சிக்கலாகிவிடும்.