மீட்டர் ‘பீப்’ அடித்தால் எர்த் சரியாகிவிடுமா?

கேள்வி: கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். 2009 மாடல், 24 வோல்ட். எஞ்சின் சீஸ் ஆகிவிட்டதால் புதுச்சேரியில் அதே வகைப் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றினோம். மவுண்டிங் பிராக்கெட் ஒன்றை சேஸில் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது. இரவில் ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் ஆக்சிலரேட்டர் கேபிளும் இறுகிவிட்டது. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்து, “எர்த் பீப் அடிக்கிறது, குறையில்லை; பாட்டரி இரண்டையும் மாற்றுங்கள்” என்கிறார். மாற்றலாமா?

பதில்: பாட்டரிக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிவிட்டது என்று, அதுதான் எனக்கு முதல் துப்பு. அந்தக் கேபிளைக் கழற்றி உறையை ஓரிடத்தில் கீறிப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் உருகி, கம்பியோடு ஒட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். எண்ணெய் விடாததால் இறுகிய கேபிளில் துரு இருக்கும். சூட்டில் வெந்த கேபிளில் கருகல் இருக்கும்.

கேபிள் ஏன் வேக வேண்டும்? எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் போகாது. பாட்டரியின் நெகட்டிவ் சேஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, வருகிறது. சேஸிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த கேபிளோ பின்னிய செம்புப் பட்டையோ போட்டிருப்பார்கள். மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் இந்த வழியைத்தான் எர்த் என்கிறோம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அந்த ஒரு பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது இல்லையென்றால், அல்லது பெயருக்கு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் லிங்கேஜ் என்று எஞ்சினையும் சேஸையும் தொடும் இரும்பெல்லாம் அதற்கு வழிதான். உங்கள் வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிள் எர்த் வயராக வேலை பார்த்திருக்கிறது. மிதித்த நிலையில் அது ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

ஹெட்லைட் போட்டால் முள் ஏறுவதற்கும் இதே காரணம்தான். விளக்கு எரிந்ததும், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கூடுதலாக உழைக்கிறது. அந்த மின்சாரம் சேஸிலிருந்து எஞ்சினுக்குத் திரும்ப வழியில்லாமல் திணறும்போது, எஞ்சின் பிளாக்கின் மின்னழுத்தம் சேஸைவிட ஒன்றிரண்டு வோல்ட் கீழே இறங்கிவிடும். டெம்பரேச்சர் சென்சாரின் எர்த் அந்த பிளாக்தான். எனவே டெம்பரேச்சர் மீட்டர் வழியாக வழக்கத்தைவிடக் கூடுதல் மின்சாரம் ஓடி முள்ளை மேலே தள்ளும். தண்ணீர் கொதிக்கவில்லை, முள் பொய் சொல்கிறது. ஆனாலும் ரேடியேட்டரை ஒருமுறை பார்த்துவிட்டே இதை நம்புங்கள்.

இனி அந்த ‘பீப்’. மீட்டரின் பஸர் சோதனைக்குள் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். முப்பது இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய கேபிளிலும் அது கூவும். எஞ்சின் மேல் அடித்த பெயிண்டில் ஒரு கீறல் இருந்தாலும் கூவும். செல்ஃப் கேட்பதோ 300 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு எதிர்ப்பு இருந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். ஆகவே எர்த்தைச் சும்மா இருக்கும்போது பார்ப்பதில் பயனில்லை, சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பதில், மின்சாரம் நின்றால் டீசலை நிறுத்தும் வகை ஸ்டாப் சோலனாய்டு இருந்தால் அதன் வயரைக் கழற்றிவிடலாம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவ் போஸ்ட்டின் ஈயத்திலேயே குத்துங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல. இரண்டு பாட்டரியில் சேஸுக்குப் போகும் நெகட்டிவ் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுமுனை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் இருக்கட்டும். ஐந்து நொடி செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு. உங்கள் வண்டியில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் நான் வியப்படைய மாட்டேன். மீட்டர் கையில் இல்லையென்றால், தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை அந்த நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்குப் போட்டு செல்ஃப் அடியுங்கள். விசுக்கென்று சுற்றினால் விஷயம் முடிந்தது.

பட்டை எங்கே போனது? சில ஆண்டுகளுக்கு முன் கடலூர் சாலையோரப் பட்டறை ஒன்றில் இதே புகாரோடு நின்ற லாரியைப் பார்க்கப் போனேன். கீழே படுத்துத் தேடினேன், பட்டையைக் காணவில்லை. கடைசியில், மண்ணெண்ணெயில் கழுவிய மிச்ச போல்ட்டுகள் கிடந்த தட்டில், பளபளவென்று அது கிடந்தது. பழைய எஞ்சினோடு இறங்கியது, புது எஞ்சினோடு ஏறவில்லை. ‘எது எதற்கு’ என்று தெரியாத போல்ட்டோடு சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். இன்னொரு வண்டியில் பட்டை இருந்தது. ஆனால் விற்பதற்காக எஞ்சினுக்கு அடித்த சாம்பல் நிறப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள்.

போல்ட் உட்காரும் இடத்தை இரண்டு பக்கமும் எமரி தாளால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். பழைய பட்டையை மறுபடி போடுவதைவிடப் புதிது நல்லது; கடற்காற்றும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் உறைக்குள்ளேயே செம்பு பச்சைக் களிம்பு பிடித்துவிடும், வெளியே தெரியாது. செல்ஃபுக்குப் போகும் பாசிட்டிவ் கேபிளைவிட எர்த் மெலிதாக இருக்கக் கூடாது. முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இதே கையோடு பாட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையிலும் அதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

சார்ஜ் விளக்கு தனி நோய். அதை எர்த்தின் தலையில் கட்ட முடியாது. அந்த விளக்கு இக்னிஷனுக்கும் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் அணையும், வித்தியாசம் இருந்தால் மங்கலாக எரியும். எர்த்தைச் சரிசெய்த பின் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் பி பிளஸ் முனைக்கும் பாட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்த வயரிலோ அதன் நுனியிலுள்ள லக்கிலோ குறை. அங்கே சுத்தமாக இருந்தால் இக்னிஷன் சுவிட்ச் வழியாக விளக்குக்கு வரும் வயரைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம், போயிருக்கிறது. வெல்டிங் வைத்தோம் என்கிறீர்களே, அப்போது பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றினார்களா? கழற்றாமல் சேஸில் வெல்டிங் வைத்தால் டயோடு போவது சாதாரணம். எஞ்சின் ஓடும்போதே பாட்டரி டெர்மினலைக் கழற்றி, “பாருங்கள், டைனமோ வேலை செய்கிறது” என்று காட்டுவார்களே, அந்த வித்தையும் ஆல்டர்னேட்டரைக் கொல்லும். யாரையும் செய்ய விடாதீர்கள்.

எல்லாம் சரியான பிறகு பாட்டரி முனைகளில் 27.5 முதல் 28.5 வோல்ட் வர வேண்டும். ஓர் இரவு சும்மா நின்ற வண்டியில் ஒவ்வொரு பாட்டரியும் தனித்தனியே 12.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால், பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் யாரோ ஒரே பாட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருப்பார்கள். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரைப் போடுங்கள். அதற்குப் பிறகும் பாட்டரி நிற்கவில்லையென்றால் அப்போது மாற்றலாம்.

முள் இன்னும் ஒழுங்காக நிற்கவில்லையா? பழைய எஞ்சினில் இருந்த சென்சாரையே இதில் மாட்டுங்கள். உங்கள் டெம்பரேச்சர் மீட்டருக்குப் பொருந்துவது அதுதான். மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றாதீர்கள், சென்சாரின் எர்த் அந்த மரை வழியாகத்தான்.

எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள், எஃப்.சி.க்குப் போய் நின்றுகொண்டு முழிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டர் கேபிளைப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் எர்த் பட்டையை முடுக்கி, மீட்டரில் 0.3-க்குள் வந்ததைப் பார்த்த பிறகு மாட்டுங்கள். அதற்கு முன் மாட்டினால் அதையும் வேகவைத்துவிடும்.