அயர்லாந்து கவுண்டி கவுன்சிலில் உண்மையான அதிகாரம் யாரிடம்? குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போடலாமா?

வேலை விசாவில் கில்டேர் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நேஸ் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கவுன்சிலர் ஒருவர் கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். இவர்களுக்கு என்ன அதிகாரம், எனக்கு ஓட்டு இருக்கிறதா, தெருவில் ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடமாக இங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஓட்டு. உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் குடியுரிமை பார்ப்பதில்லை. 18 வயது நிரம்பி, இங்கே வசித்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பார்லிமென்டுக்கோ ஜனாதிபதிக்கோ இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, கவுன்சிலுக்குப் போடலாம். நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப்பேர் பதிவு செய்வதில்லை. அதனால்தான் சில கவுன்சிலர்கள் நம் வீட்டு வாசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்பது என் சந்தேகம். வாக்காளர் பதிவு இணையதளத்தில் பிபிஎஸ் எண்ணும் ஏர்கோடும் கொடுத்தால் சீக்கிரமே முடிந்துவிடும்.

தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல் நடக்கும் அதே நாளில். கடைசியாக 2024 ஜூன் 7. நாடு முழுவதும் 31 உள்ளாட்சி அமைப்புகள்: 26 கவுண்டி கவுன்சில், டப்ளின், கார்க், கால்வே என 3 நகர கவுன்சில், லிமெரிக்கிலும் வாட்டர்ஃபோர்டிலும் நகரமும் கவுண்டியும் சேர்ந்த 2 கவுன்சில். மொத்தம் 949 கவுன்சிலர்கள். 2014 வரை நேஸ் போன்ற ஊர்களுக்குத் தனியாக டவுன் கவுன்சில் இருந்தது. அந்த வருடம் 80 டவுன் கவுன்சில்களையும் ஒரே சட்டத்தில் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் முனிசிபல் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயரில் கவுண்டி கவுன்சிலர்களின் பகுதிக் கூட்டங்களைக் கொண்டுவந்தார்கள். செலவு மிச்சம் என்றார்கள். சின்ன ஊர்க்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

கில்டேருக்கு 40 கவுன்சிலர்கள். ஆளுக்கு ஒரு வார்டு கிடையாது. கவுண்டியைப் பல தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பல பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் நேஸ் தொகுதியில் 7 பேர், லீக்ஸ்லிப்பில் 3 பேர். ஓட்டுச்சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரும் படத்தோடு இருக்கும். பிடித்த ஆளுக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் எழுத வேண்டும். எத்தனை பேருக்கு எழுதுவது என்பது உங்கள் விருப்பம்.

எண்ணுவதுதான் வேடிக்கை. நேஸில் 8,000 செல்லுபடியான ஓட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் 7, அதைவிட ஒன்று அதிகமான 8ஆல் 8,000ஐ வகுத்து, வந்ததோடு ஒன்று கூட்டினால் 1,001. அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் ஜெயித்துவிடுவார், அவருக்கு மிஞ்சிய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மிஞ்சியது எதுவும் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போகும். எல்லாம் கையால்தான். ஒரு காலத்தில் 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து மின்னணு இயந்திரங்கள் வாங்கினார்கள். நம்பிக்கை வராமல் கிடங்கில் போட்டு வைத்து, 2012ல் பழைய இரும்புக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஓட்டுப் பதிவு என்றால் சனிக்கிழமை தொடங்கும் எண்ணிக்கை சில இடங்களில் அடுத்த வாரம் வரை இழுக்கும். இந்த முறையால் முதல் எண் கிடைக்காத வீட்டிலும் இரண்டாம் எண்ணுக்காக நின்று பேச வேட்பாளருக்குக் காரணம் இருக்கிறது.

இடையில் ஒரு கவுன்சிலர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ இடைத்தேர்தல் கிடையாது. அவருடைய கட்சி ஒருவரைச் சொல்லும், கவுன்சில் அவரைச் சேர்த்துக்கொள்ளும். பார்லிமென்டுக்குப் போனவர்களுக்கும் இதே கதைதான், ஏனென்றால் 2003ல் வந்த சட்டப்படி ஒருவர் இரண்டு இடத்திலும் உட்கார முடியாது.

இனி அதிகாரம். கவுன்சிலின் தலைவரை கவுன்சிலர்களே வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள். சில கவுண்டிகளில் கஹீர்லாக் என்ற ஐரிஷ் பெயர், சில இடங்களில் மேயர். கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு கூட்டம் நடத்துவார், விழாக்களுக்குப் போவார். நிர்வாகம் அவர் கையில் இல்லை. அது சீஃப் எக்ஸிகியூட்டிவ் என்ற நியமன அதிகாரியிடம் இருக்கிறது. ஊழியர்கள், ஒப்பந்தங்கள், வீட்டு ஒதுக்கீடு, கட்டடம் கட்டுவதற்கான திட்ட அனுமதி எல்லாம் அவர் பொறுப்பு.

இது ஏன் இப்படி ஆனது என்பது சுவாரசியமானது. கவுண்டி கவுன்சில்கள் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை, முதல் தேர்தல் 1899ல். சுதந்திரம் வந்த கையோடு புதிய அரசு டப்ளின், கார்க் நகர மன்றங்களையே 1924ல் கலைத்து ஆணையர்களை உட்கார வைத்தது. கார்க்கில் ஆணையராக இருந்த பிலிப் மோனஹன், 1929 சட்டத்துக்குப் பிறகு நாட்டின் முதல் நகர மேலாளர் ஆனார். கவுண்டிகளுக்கு அந்த ஏற்பாடு 1942ல் நடைமுறைக்கு வந்தது. கவுண்டி மேனேஜர் என்ற பழைய பெயர் 2014ல் மாறியது, நாற்காலி அதேதான்.

கவுன்சிலர்களுக்கு என்று சட்டம் ஒதுக்கி வைத்த வேலைகள் சிலதான், ஆனால் கனமானவை. வருடாந்திர பட்ஜெட்டை ஏற்பது. கடை, தொழிற்சாலைகளுக்கான ரேட்ஸ் வரியின் பெருக்கு எண்ணை, அதாவது கட்டட மதிப்பை எதனால் பெருக்கி வரி போடுவது என்பதை, நிர்ணயிப்பது. வீட்டு வரியான எல்பிடியை அடிப்படை விகிதத்திலிருந்து 15% வரை கூட்டவோ குறைக்கவோ செய்வது; 2026 முதல் கூட்டும் வரம்பு மட்டும் 25%. பட்ஜெட்டை நிறைவேற்றாமல் முரண்டு பிடித்தால் மந்திரி கவுன்சிலையே நீக்கலாம். 1969ல் டப்ளின் நகர மன்றத்துக்கு அது நடந்தது. 1985ல் நடந்தது உங்கள் நேஸ் ஊர் மன்றத்துக்கே.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கவுண்டியின் வளர்ச்சித் திட்டம். எந்த நிலத்தில் வீடு, எங்கே தொழிற்சாலை, எது விவசாய நிலமாகவே இருக்கும் என்று முடிவு செய்வது கவுன்சிலர்களின் ஓட்டுத்தான். ஒரு வயல் வீட்டு மனை ஆகும்போது அதன் விலை எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டப்ளினில் அதற்காகக் கவுன்சிலர்களுக்குப் பணம் கைமாறியதைத்தான் 1997ல் தொடங்கிய விசாரணை ஆணையம் தோண்டியது. மஹோன் ட்ரிப்யூனல் என்ற பெயரில் இறுதி அறிக்கை வந்தது 2012ல். அதன் பரிந்துரையின் தொடர்ச்சியாக 2019ல் திட்டமிடலைக் கண்காணிக்கத் தனி அலுவலகமே திறந்தார்கள். தனிப்பட்ட ஒரு வீட்டுக்கு அனுமதி கொடுப்பதில் கவுன்சிலருக்கு ஓட்டே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவது பிடிக்கவில்லை என்றால் கவுன்சிலர் பின்னால் அலையாதீர்கள். விண்ணப்பம் பதிவான ஐந்து வாரத்துக்குள் 20 யூரோ கட்டி நீங்களே ஆட்சேபம் எழுதுங்கள். பொதுவாக அப்படி எழுதியிருந்தால்தான் பிறகு மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கும்.

கவுன்சில் செய்யாத வேலைகளையும் தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். போலீஸ், ஆஸ்பத்திரி, பஸ் எதுவும் அவர்களுடையதல்ல. குடிநீர் இப்போது ஈஷ்க ஏரன் என்ற தேசிய நிறுவனத்திடம். குப்பை பெரும்பாலும் தனியார் கம்பெனிகளிடம். மிச்சம் இருப்பது உள்ளூர்ச் சாலைகள், சமூக வீடுகள், நூலகம், தீயணைப்பு, பூங்கா, திட்டமிடல். ஐரோப்பாவிலேயே அதிகாரம் தலைநகரில் மிக அதிகமாகக் குவிந்திருக்கும் நாடுகளில் அயர்லாந்து ஒன்று. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று 2019ல் நடந்த வாக்கெடுப்பில் லிமெரிக் மட்டும் சரி என்றது; 2024ல் ஜான் மோரன் மக்கள் ஓட்டில் மேயரானார், பழைய சீஃப் எக்ஸிகியூட்டிவ் அதிகாரங்களில் கணிசமான பங்கு அவரிடம் வந்தது. கார்க்கும் வாட்டர்ஃபோர்டும் நூலிழையில் வேண்டாம் என்றுவிட்டன.

தெருவிளக்கோ, உடைந்த நடைபாதையோ என்றால் முதலில் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு உங்கள் தொகுதியின் ஏழு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு அருகே ஒரு பாதசாரிக் கடவை வேண்டும் என்று நாங்கள் அப்படித்தான் எழுதினோம். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் முனிசிபல் டிஸ்ட்ரிக்ட் கூட்டத்தில் அதைக் கேள்வியாக வைத்தார். கூட்டத்தில் கேட்டால் அதிகாரி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அது குறிப்பேட்டில் ஏறிவிடும். கடவை உடனே வரவில்லை. ஆனால் எந்த வருடத்துப் பணத்தில் வரும் என்று ஒரு பதில் கைக்கு வந்தது.

ஓட்டுப் போடலாம் என்றால் நிற்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிற்கலாம். இங்கே சாதாரணமாக வசிப்பவராக இருந்தால் குடியுரிமை தடையில்லை. சுயேச்சை என்றால் 15 வாக்காளர்களின் ஒப்புதல் அல்லது 100 யூரோ டெபாசிட். கேரளாவில் பிறந்த பேபி பெரெப்பாடன் 2019ல் தெற்கு டப்ளின் கவுன்சிலுக்கு ஜெயித்து, 2024ல் அங்கே மேயராகவும் ஆனார். அடுத்த தேர்தல் 2029ல்.