ஏலத்தில் ஜாமினி ராய் ஓவியம்: பணம் கட்டும் முன்

மும்பை ஏலத்தில் வங்க ஓவியர் ஜாமினி ராயின் ஓவியம் ஒன்றை 10 லட்சத்துக்குள் எடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தின்கீழ் அவருடைய படைப்புகள் தேசியக் கலைப் பொக்கிஷங்கள், அதனால் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், நந்தலால் போஸ் ஆகியோருக்கும் இதே கதிதான். ஏலப் பட்டியலில் ஓவிய விவரத்தின் கீழே பொடி எழுத்தில் 'ஏற்றுமதிக்கு உரியதல்ல' என்று போட்டிருப்பார்கள். பலர் அதைப் படிப்பதே இல்லை. சிங்கப்பூர்ச் சுவர்தான் முக்கியம் என்றால், ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் ஜாமினி ராய் ஓவியங்கள் லண்டன், நியூயார்க் ஏலங்களுக்கு வரும், அங்கே பாருங்கள்.

பணக் கணக்கிலும் கவனம் தேவை. 10 லட்சத்தில் சுத்தியல் விழுந்து ஏலம் உங்களுக்கு முடிந்தாலும் கதை முடியாது. ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 சதவீதம் என்றால் 12 லட்சம், ஜிஎஸ்டி தனி. எனவே கை தூக்கும்போது 8 லட்சத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரே உருவத்தை ஜாமினி ராய் திரும்பத் திரும்ப வரைந்தார், பெரும்பாலும் தேதி போடவில்லை, வீட்டாரும் கூட உழைத்தார்கள். போலி செய்பவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? வலது மூலையில் உள்ள வங்கக் கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று எழுத்தில் கேளுங்கள். ஓவியத்தின் சட்டகத்தைக் கழற்றி எடுத்த பின்பக்கப் புகைப்படத்தையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.