கரை கடந்த பிறகுதான் ஹார்வி எங்களைப் பிடித்தது

கேள்வி: ஹரிகேன் எப்படி உருவாகி, வலுத்து, கரை கடந்து, கடைசியில் அடங்குகிறது?

நான் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனில். 2017 ஆகஸ்டில் ஹார்வி என்ற ஹரிகேன் வந்தபோதும் இங்கேதான் இருந்தேன். அதனால் அதை வைத்தே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் சொல்கிற வரிசையை அந்தப் புயல் பெரிதாக மதிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அட்லாண்டிக்கின் பெரிய புயல்கள் பல, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கடலுக்குள் நகர்கிற சாதாரண மேகக் கூட்டமாகத்தான் ஆரம்பிக்கும். சீசனில் சில நாளுக்கு ஒன்று கிளம்பிக்கொண்டே இருக்கும், பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போய்விடும். கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அந்தச் சூடு ஓரளவு ஆழம் வரைக்கும் இருக்க வேண்டும், கீழே வீசும் காற்றும் உயரத்தில் வீசும் காற்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கக் கூடாது, நிலநடுக்கோட்டை ஒட்டியும் இருக்கக் கூடாது (அங்கே பூமிச் சுழற்சி தரும் திருப்பம் போதாது). இவ்வளவும் கூடிவந்தால் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து மழைத்துளியாகும், அப்போது வெளிப்படும் வெப்பம் சுற்றியுள்ள காற்றை இன்னும் மேலே தள்ளும், அடியில் அழுத்தம் குறையும், அந்த இடத்துக்குப் பக்கத்துக் காற்று பாய்ந்து வந்து இன்னும் ஈரத்தைக் கொண்டுவரும். காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அதற்கு ஹரிகேன் என்று பெயர்.

ஹார்வி ஆகஸ்ட் 17-ஆம் தேதி பார்படாஸுக்குக் கிழக்கே பெயர் வாங்கியது, கரீபியன் கடலுக்குள் வந்ததும் மேலடுக்குக் காற்று அதைக் கலைத்துப்போட்டது, இரண்டே நாளில் புயல் என்ற தகுதியே போய்விட்டது. அதோடு கதை முடிந்தது என்றுதான் இங்கே பலர் நினைத்தோம். மிச்சமிருந்த மேகங்கள் மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தைத் தாண்டி மெக்சிகோ வளைகுடாவுக்குள் இறங்கின. தண்ணீர் கிட்டத்தட்ட 30 டிகிரி, குறுக்கே இழுக்கக் காற்றும் இல்லை. 23-ஆம் தேதி காலை வெறும் தாழ்வு மண்டலம், 25-ஆம் தேதி மாலை நான்காம் வகை ஹரிகேன் (ஐந்துதான் உச்சம்)! அன்று இரவே டெக்சாஸ் கரையிலுள்ள ராக்போர்ட் என்ற ஊர் அருகே மணிக்குச் சுமார் 215 கிலோமீட்டர் காற்றோடு கரையைக் கடந்தது.

நிலத்தில் ஏறினால் புயலுக்கு ஈரம் கிடைக்காது, தரையின் உராய்வும் சேர்ந்துகொள்ளும், வலு குறையும். ஹார்வியும் ஒரு நாளுக்குள் சாதாரணப் புயலாகிவிட்டது. ஆனால் புயல் தானாக நகராது, சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த வாரம் மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு உயரழுத்தப் பகுதிகள் நின்றுகொண்டு எந்தப் பக்கமும் நகரவிடவில்லை. புயலின் மையம் எங்களுக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால், அதன் கைகளோ வளைகுடாவின் ஈரத்தை அள்ளி ஹூஸ்டன் மேல் கொட்டின. ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்து ரயில் வருவதுபோல ஒரு மழைப்பட்டை போனால் அதே பாதையில் அடுத்தது.

எங்கள் தெருவில் காற்று என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. மழைதான், ராத்திரி முழுக்க ஃபோனில் வெள்ள எச்சரிக்கை அலறல்தான். தண்ணீர் கதவு வழியாக வரும் என்று எல்லோரும் துணியைச் சுருட்டி வைத்தோம், அது வந்ததோ வெளிச்சுவர்ச் செங்கலுக்கு அடியில் காற்றோட்டத்துக்காக விடுகிற சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாக, தரை விரிப்புக்கு அடியில் சத்தமில்லாமல். விரிப்பில் கால் வைத்தால் 'சளக்' என்றது, அப்போதுதான் தெரிந்தது. 28-ஆம் தேதி அதிகாலை ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத்தடுப்பு ஏரிகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், அதுவரை தப்பித்த வீடுகள் பலவற்றுக்குள் வெள்ளம் புகுந்தது அதற்கப்புறம்தான். வகை 1, வகை 4 என்கிற எண் காற்றை மட்டும்தான் அளக்கிறது. மழை எவ்வளவு, புயல் எத்தனை வேகத்தில் நகர்கிறது என்று அது சொல்லாது. செய்தியில் "வலுவிழந்தது" என்று வந்தால் நான் இப்போதெல்லாம் நகரும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

டெக்சாஸின் நெடர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 1,539 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 சொச்சம்தான்.

ஹார்வி 28-ஆம் தேதி மறுபடி கடலுக்குள் இறங்கி, 30-ஆம் தேதி லூசியானாவின் கேமரன் அருகே இன்னொரு முறை கரையேறி, அப்புறம் வடகிழக்கே டென்னசி, கென்டக்கி பக்கம் போய்த்தான் அடங்கியது. அதற்குள் எங்கள் தெருவில் நனைந்த சுவர்ப் பலகையை இடுப்பளவுக்கு வெட்டி எடுத்து, மெத்தை, விரிப்பு, அலமாரி எல்லாம் வாசலில் குவிக்கிற வேலை ஆரம்பமாகிவிட்டது. இவ்வளவு நாசம் செய்த பெயரை மறுபடி வைக்க மாட்டார்கள், பட்டியலில் ஹார்விக்குப் பதில் ஹெரால்ட் என்று சேர்த்தார்கள். 2023-இல் அந்த ஹெரால்டும் டெக்சாஸ் கரைக்கே வந்தது, ஆனால் ஹரிகேன் ஆகவில்லை, தெற்கு ஓரத்தில் ஏறி மறுநாளே மெக்சிகோ பக்கம் கரைந்துபோனது.