பத்து பவுண்டுக்கு வாங்கிய கூரை வீடு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், அல்ஃப்ரிஸ்டன் ஊரில் இருக்கும் கிளர்ஜி ஹவுஸ் 14ஆம் நூற்றாண்டு வீடு. மரச் சட்டகம், வேய்ந்த கூரை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: பத்து பவுண்டுக்கு வாங்கினார்களாமே, உண்மையா?

உண்மைதான். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1896இல் வாங்கிய முதல் கட்டடம் இது. அமைப்பு தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. விலையைக் கேட்டு ஏங்க வேண்டாம். வீடு விழுகிற நிலையில் இருந்தது. செப்பனிட்ட செலவு பல மடங்கு.

கேள்வி: நடுக்கூடத்துக்கு மட்டும் மாடி இல்லையே, ஏன்?

புகைக்காக. இவ்வகை வீடுகளில் கூடத்தின் நடுவே, தரையிலேயே அடுப்பு எரியும். புகைபோக்கி கிடையாது. புகை உத்தரங்களைத் தாண்டி மேலேறி, கூரை வழியே கசிந்து போகும். பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். கைமரங்களில் கரி படிந்திருந்தால், அது ஒரு காலத்தில் திறந்த கூடம்.

இந்த அமைப்புக்கு வீல்டன் வீடு என்று பெயர். கென்ட், சசெக்ஸ் பக்கம் வசதியான உழவர்கள் கட்டியது. இரு கோடியிலும் மாடி அறைகள் சற்றே முன்னால் துருத்தி நிற்கும், நடுச்சுவர் உள்வாங்கியிருக்கும். கூரை மட்டும் ஒரே நேராக ஓடும். அதனால் நடுவில் இறவாரம் அந்தரத்தில் நிற்க, வளைந்த ஓக் கட்டைகள் அதைத் தாங்கும். எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: தரையில் புளித்த பாலை ஊற்றினார்களா?

ஆமாம். அங்கே தோண்டினால் சுண்ணக்கல். அதை இடித்துப் பரப்பி, திமிசு போட்டு, புளித்த பாலால் மெழுகினார்கள். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் காய்ந்தால் பசைபோல் இறுகிவிடும்.

கேள்வி: சுவர்?

ஓக் சட்டங்களுக்கு நடுவே வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பியது.

கேள்வி: வைக்கோல் கூரை ஒழுகாதா?

சாய்வு குறைந்தால் ஒழுகும். அதனால்தான் 45 முதல் 50 பாகை வரை செங்குத்தாக ஏற்றுகிறார்கள். மழைத்துளி ஒரு வைக்கோல் தாளின் நுனியிலிருந்து அடுத்த தாளின் நுனிக்குத் தாவி இறங்கிவிடும். நனைவது மேற்பரப்பு மட்டும்தான். தாள்களை இறுக்கிப் பிடிப்பவை ஹேசல் என்ற மரத்தின் குச்சிகள். நடுவில் முறுக்கி, கொண்டை ஊசிபோல் மடித்துச் செருகுவார்கள். முகடுதான் முதலில் தேயும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் புதிதாக வேய்வார்கள்.

கேள்வி: தீப்பிடித்தால்?

இறுக வேய்ந்த கூரை மெதுவாகத்தான் எரியும், ஆனால் அணைப்பது பெரும்பாடு. மழையை வழித்துவிடும் கூரை, தீயணைப்புக் குழாய்த் தண்ணீரையும் அப்படியே வழித்துவிடும். உள்ளே நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் பல ஊர்களில் நீண்ட கொக்கிகள் வைத்திருந்தார்கள், எரிகிற வைக்கோலை இழுத்துக் கீழே தள்ளுவதற்கு.