நூறு சதவீதமும் ஏழு பிள்ளைகளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. இந்த வருஷம் எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. எழுதிய 34 பேரும் பாஸ். போன வருஷம் இதே செட் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது 41 பேரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மத்திய அரசின் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவில் பறையாட்டத்துக்கு மாவட்ட அளவில் பரிசு. எங்கள் தமிழாசிரியர் சொந்தக் காசில் ஒரு வகுப்பறைக்கே பெயின்ட் அடித்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? பேப்பரைத் திறந்தால் தனியார் பள்ளிகளின் முழுப்பக்க விளம்பரம். நீங்களாவது அரசுப் பள்ளி மாணவர்களின், ஆசிரியர்களின் சாதனைகளைப் பற்றி எழுதக் கூடாதா? இன்னொன்று. உடன் வேலை செய்கிறவர்கள் என்னை நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நமக்கு நாமே விருது கேட்பது கூச்சமாக இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

(பெயர் வேண்டாம் ஐயா. அரசு ஊழியர்.)

பி.கு.: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ரிசல்ட்டின் மாவட்டவாரிப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் பார்ப்பேன். பார்த்துவிட்டு எரிச்சலோடு மூடிவைப்பேன். இந்த முறை எரிச்சலுக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தனியார் பள்ளி விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர்கள் காசு, அவர்கள் பக்கம். பறையாட்டப் பிள்ளைகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். தமிழாசிரியருக்கு ஒரு கும்பிடு. கூடவே, சுவருக்கு வண்ணம் அடிப்பது அரசாங்கத்தின் வேலை என்பதையும் யாராவது அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

விருதுக்குத் தாராளமாக விண்ணப்பியுங்கள். இதில் என்ன கூச்சம்? தேசிய விருதுக்கே 2018 முதல் ஆசிரியர்கள் தாங்களாகவே இணையத்தில் விண்ணப்பிக்கிறார்கள். மாநில விருதென்றால் வெள்ளிப் பதக்கம், 10,000 ரூபாய், சான்றிதழ். வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த ஃபைல் தயாரிக்கும் வேலைக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஃபைலை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை, பத்திரிகைத் துணுக்குகள், பாராட்டுக் கடிதங்கள், மரம் நடும் படங்கள். ஒரே வேப்பங்கன்றை வேறு வேறு தேதிகளில் வேறு வேறு பிரமுகர்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கன்று வளர்ந்த மாதிரியே தெரியவில்லை.

என்எம்எம்எஸ்ஸில் மூன்று பேர் தேறியதை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். நீங்கள் அதை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 இடம்தான். அதில் மூன்று உங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம், நாலு வருஷத்தில் 48,000 ரூபாய். அதுவும் படித்துக்கொண்டே இருந்தால்தான் வரும். 'பொண்ணு படிச்சது போதும்' என்று அப்பா சொல்லும்போது, 'அவ பேர்ல மாசாமாசம் பேங்க்ல பணம் ஏறுதுய்யா' என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கிறது. மூளைத்திறன் கணக்குகளைச் சனிக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது யார்? நீங்களாகத்தான் இருக்கும். கணக்கு டீச்சர்கள் தலையில்தான் அது விடியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் 41 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பில் எழுதிய 34 பேரும் பாஸ் என்கிறீர்கள். இரண்டு எண்ணும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஏழு பேர் எங்கே டீச்சர்?

கோபப்படாதீர்கள். ஒருவர் அப்பா வேலை மாறி ஓசூர் போயிருக்கலாம். இரண்டு பேர் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு மாறியிருக்கலாம். ஒரு பையன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பான். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். உங்கள் மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கமும் தளிப் பக்கமும் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீதி இரண்டு பேர்? ஒன்பதிலேயே நிறுத்திவைக்கப்பட்டார்களா? 'இவன் எழுதினா ரிசல்ட் போயிடும், டிசி வாங்கிக்கச் சொல்லுங்க' என்று யாராவது சொன்னார்களா? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொன்னபோது அந்த அறையில் இருந்தீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் அந்த அறையில் இருந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதனால் பரீட்சை எழுதப்போகிறவர்களின் பட்டியலான நாமினல் ரோலை நகலெடுக்கத் தலைமையாசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். இப்போதுபோல ஆன்லைன் கிடையாது. நீளத் தாளில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அங்க அடையாளம் எல்லாம் கையால் எழுத வேண்டும். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு 'இடது முழங்காலில் தழும்பு' என்று எழுதினேன். ஆட்டு வியாபாரியின் மகன். ஆட்டைப் பார்த்தே இத்தனை கிலோ கறி தேறும், கிலோ இன்ன விலைக்குப் போனால் இவ்வளவு நிற்கும் என்று வாயாலேயே சொல்லிவிடுவான். இங்கிலீஷில் மட்டும் பதினைந்தைத் தாண்ட மாட்டான். அரையாண்டு மார்க் வந்த வாரம், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதச் சொன்னார்கள், அவன் பெயர் இல்லாமல்.

அவன் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். 'பையனுக்கு நல்லதுக்குத்தான் சொல்றோம். அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும்' என்றார் ஹெச்எம். பெரிய சார் தன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசியதே அவருக்குப் பெரிய மரியாதை. இரண்டு கையையும் கூப்பிவிட்டு டிசியை வாங்கிக்கொண்டு போனார். அந்த டிசியையும் நான்தான் எழுதினேன். பள்ளியை விட்டு நீங்கிய காரணம்: பெற்றோர் விருப்பம். நடத்தை: நன்று.

அந்த வருஷம் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு. சால்வை, சாக்லேட் எல்லாம் நடந்தது. அவன் பிரைவேட்டாக எழுதவே இல்லை. எப்போது பணம் கட்ட வேண்டும், எங்கே ஃபாரம் வாங்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வன்று ஏறத்தாழ 50 ஆயிரம் பிள்ளைகள் பரீட்சை ஹாலுக்கே வரவில்லை. 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலேயே பாஸ் ஆன செட் அது. டிவியில் விவாதம், சட்டசபையில் பேச்சு, அதிகாரிகள் கூட்டம். அப்புறம் மே மாதம் ரிசல்ட் வந்தது. எழுதியவர்கள் 8,03,385. தேறியவர்கள் 7,55,451. தேர்ச்சி 94.03 சதவீதம். எல்லோரும் கைதட்டினோம். வராத பிள்ளைகள் அந்தக் கணக்கில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவர்களையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள், 88, 89 பக்கம் வந்து நிற்கும்.

பின்னத்தில் கீழே இருக்கும் பகுதியைக் குறைத்தால் விடை ஏறும் என்பதை ஒரு கணக்கு டீச்சருக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? தொகுதியை ஏற்றுவதற்கு வருஷம் முழுக்கக் கத்த வேண்டும், மெல்லக் கற்போருக்குத் தனியாக மெட்டீரியல் போட வேண்டும், மாலை ஸ்பெஷல் கிளாஸ் வைக்க வேண்டும். பகுதியைக் குறைக்க ஒரு டிசி போதும். சில சமயம் அதுகூட வேண்டாம். கண்டுகொள்ளாமல் விட்டாலே போதும், பையன் தானாக நின்றுவிடுவான்.

இதில் உங்களை மட்டும் திட்டி என்ன பயன். பிள்ளைகளுக்கு முதல் மூன்று இடம் போடும் வழக்கத்தை 2017-இல் அரசே நிறுத்தியது. நல்ல காரியம். அதுவரை மே மாதத்து நாளிதழ்களில் முதலிடப் பிள்ளைக்கு லட்டு ஊட்டும் படம் இல்லாத நாள் உண்டா? பிள்ளைகளுக்குப் போன ரேங்க் மாவட்டங்களுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. 2025 பிளஸ் டூவில் அரியலூர் 98.82 சதவீதத்தோடு முதலிடம். அரியலூரை நான் குறை சொல்லவில்லை, பின்தங்கியது என்று பேரெடுத்த மாவட்டம் மேலே வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பட்டியலில் கீழே இருக்கும் மாவட்டத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கலெக்டர் முதன்மைக் கல்வி அலுவலரான சிஇஓவைக் கேட்பார். சிஇஓ மீளாய்வுக் கூட்டம் போட்டு ஹெச்எம்களை எழுப்பி நிற்கவைப்பார். ஹெச்எம் பாட ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்பார். நாலு பேர் ஃபெயிலானால் மெமோ வரும். நாலு பேர் பள்ளிக்கூடத்தை விட்டே போனால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் மனசாட்சியை எதிர்பார்ப்பதும் அநியாயம்தான்.

நான் பல வருஷமாகச் சொல்லி யாரும் கேட்காத யோசனை ஒன்று இருக்கிறது. எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கோடு, எட்டாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்ற கணக்கையும் பள்ளிவாரியாகப் போடுங்கள். முன்பு இது முடியாத வேலை. இப்போது கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. தினம் அட்டென்டென்ஸ் போடவைத்து உங்கள் உயிரை வாங்கும் அதே எமிஸ்தான். டிசி வாங்கிய பிள்ளையை 'காமன் பூல்'-இல் போடுகிறீர்கள். வேறு பள்ளி எடுத்துக்கொண்டால் அங்கே போய்ச் சேரும். யாரும் எடுக்காத பெயர்கள் அங்கேயே கிடக்கும். எந்தப் பள்ளியிலிருந்து எந்த மாதம் எத்தனை பெயர் அங்கே விழுந்தது, எத்தனை திரும்ப எடுக்கப்பட்டது என்று பார்க்க ஒரு பொத்தான் போதும். அதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. பார்த்தால் பல பள்ளிகளின் நூற்றுக்கு நூறு எண்பதாகிவிடும்.

ஆசிரியர் சாதனை என்றீர்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்ற மாதத்திலேயே அதன் வீட்டுக்குப் போய் நிற்கிற ஆசிரியர்கள் நம் மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஃபைலில் ஒட்டப் படம் இருக்காது. ஒரு சிறுமியின் கல்யாணத்தை நிறுத்தக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் போட்டுவிட்டு, ஊரார் கோபத்துக்குப் பயந்து பஸ் மாறிப் போன ஆசிரியை படம் எடுத்துக்கொள்ள முடியுமா? ஆசிரியர்களை விடுங்கள். உங்கள் பள்ளிச் சத்துணவு சமைக்கும் அம்மாவைக் கேளுங்கள். யார் நாலு நாளாகத் தட்டு எடுக்கவில்லை என்று அட்டென்டென்ஸ் பார்க்காமலேயே சொல்வார். அரிசி அளந்து போடுகிறவருக்குத் தலைக்கணக்கு தெரியாமல் இருக்குமா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லையே டீச்சர்.

34 பேரைத் தேற்றியதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அவர்களில் பாதிப் பேராவது முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களாக இருப்பார்கள். இயற்கணிதம் புரியாத ஒரு பிள்ளையை வரைபடத்திலும் செய்முறை வடிவியலிலும் பிடித்து முப்பத்தைந்துக்கு மேல் தூக்கிவிடுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அதைச் செய்கிற கைக்கு அந்த ஏழு பேரும் எட்டியிருக்கக்கூடியவர்களே என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். வேறு பள்ளியில் சேர்ந்தவர்களை எமிஸில் பார்த்து அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களின் வீட்டுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 'ரிசல்ட் என்ன ஆகும்' என்று ஹெச்எம் கேட்டால் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொள்ளட்டும். வர முடியாதவர்களுக்குத் தனித்தேர்வு இருக்கிறது. ஆனால் அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தத் தேதியை விட்டால் ஒரு வருஷம் போய்விடும். தேதியை நீங்களே வீட்டில் போய்ச் சொல்லுங்கள். பேப்பரில் வரும், பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

பின்குறிப்பில் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தீர்கள். ஆண்டு விழா வேண்டாம். மேடையேறினால் நான் இதையேதான் பேசுவேன், சிஇஓ முகம் சுருங்கும், உங்களுக்குத்தான் சங்கடம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும் நாளைச் சொல்லுங்கள், சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு டவுன் பஸ் என்பதையும் எழுதுங்கள்.