தேனில் சீனிப்பாகா? ஒளியிடம் கேட்கலாம்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மொத்தமாக வாங்கும் தேனில் பாகு கலந்திருக்குமோ என்று சந்தேகம். ஒளியை வைத்தே கண்டுபிடிக்கலாம், போலாரிமீட்டர் (கரைசல் ஒளியின் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) வாங்குங்கள் என்கிறான் மகன். வாங்கலாமா?

பதில்: மகன் சொல்வதில் பாதி சரி. எறும்பு மொய்க்கிறதா, தண்ணீரில் கரையாமல் இறங்குகிறதா என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சர்க்கரை மூலக்கூறுகள் கைரல் வகை. இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல, அவற்றின் வடிவம் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாது. அதனால் ஒரே தளத்தில் அதிரும் ஒளி சர்க்கரைக் கரைசலுக்குள் போனால், அந்தத் தளம் திரும்பிவிடும். மஞ்சள் சோடியம் ஒளியில், 20 பாகை செல்சியஸில், கரும்புச் சீனியின் சுழற்சி எண் (+ என்றால் வலப்பக்கம், − என்றால் இடப்பக்கம்) +66.5, குளுக்கோஸ் +52.7, ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய −92. பூந்தேனில் பெரும்பாலும் ஃப்ரக்டோஸ்தான் அதிகம் என்பதால் அது ஒளியை இடப்பக்கம் திருப்பும். கரும்புச் சீனிப்பாகோ குளுக்கோஸ் சிரப்போ கணிசமாகச் சேர்ந்தால் வலப்பக்கம் சாயும்.

காசு போடுமுன் வீட்டிலேயே பாருங்கள். 26 கிராம் தேனை 100 மில்லி கரைசலாக்கி, வடிகட்டி, ஓர் இரவு மூடி வையுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. உறைந்த தேனில் இருக்கும் குளுக்கோஸ் கரைந்த உடனே +112 காட்டும். மெதுவாக இறங்கித்தான் +52.7-இல் நிற்கும். அவசரப்பட்டால் நல்ல தேனையும் கலப்படம் என்பீர்கள். மறுநாள் எல்சிடி மடிக்கணினித் திரையில் சிவப்பு நிறத்தை மட்டும் ஒளிரவிட்டு, திரையைப் படுக்கையாக வைத்து, அதன்மேல் தட்டை அடிக் கண்ணாடிக் குவளையை வைத்து மேலிருந்து பாருங்கள். கரைசல் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். எல்சிடி திரையின் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது. அப்படி ஒரு தளத்து ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடு ஒன்றைக் குவளைக்கு மேலே பிடித்துச் சுழற்றி, வெறும் தண்ணீருக்குத் திரை இருளும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு தேனுக்குப் பாருங்கள். கடிகார திசையில் சுழற்றினால்தான் இருள்கிறது என்றால் வலச்சுழற்சி.

இனி அந்த மறுபாதி. நல்ல தேன் இந்த அளவில் இரண்டு மூன்று பாகைதான் திருப்பும். பாகைமானியால் அதைத் துல்லியமாக அளக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்வர்ட் சிரப். கரும்புச் சீனியை உடைத்துச் செய்யும் இந்தப் பாகும் தேனைப் போலவே இடப்பக்கம் திருப்பும். கெட்டிக்காரக் கலப்படக்காரர் இதைத்தான் ஊற்றுவார். விலை உயர்ந்த போலாரிமீட்டரும் அங்கே ஏமாறும். கரும்பிலிருந்து வந்த சர்க்கரையைக் காட்டிக்கொடுப்பது கார்பன் ஐசோடோப்புச் சோதனை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தை அளப்பது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. ஆகவே கருவி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுச் சோதனையில் தெளிவாக வலப்பக்கம் திரும்பினால், அந்த மாதிரியை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

கெலுலுட் தேனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. கொடுக்கில்லாத் தேனீயின் அந்தத் தேனில் ட்ரெஹாலுலோஸ் என்ற வேறொரு சர்க்கரை நிறைய உண்டு. மலேசியா அதற்கென்றே எம்எஸ் 2683:2017 என்ற தரநிலை வைத்திருக்கிறது. சப்ளையரிடம் அதன்படி எடுத்த ஆய்வறிக்கையைக் கேளுங்கள்.